காதுக்குத் தெரியாத படகு

பெட்ரல் கப்பல்,
பாரனோஃப் வெந்நீர் ஊற்றுத் துறை
ஜூன் 19, 1994

ஐனாருக்கு,

"அன்புள்ள" என்று தொடங்க மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். ரேடியோவில் கூப்பிட்டே திட்டியிருப்பேன். ஆனால் சாத்தம் நீரிணையில் இருக்கிற அத்தனை மீன்படகும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நம் வீட்டுச் சண்டையைக் கேட்டுக்கொண்டே காப்பி குடிப்பார்கள். அதனால்தான் கடிதம்.

நேற்று ஜூனோவில் இருக்கும் கடலோரக் காவல் அலுவலகத்திலிருந்து தபால் வந்தது. செப்டம்பரில் எனக்கு விசாரணை. என் கேப்டன் லைசென்ஸ் நிலைக்குமா, போகுமா என்று அன்றைக்குத் தெரியும். கூடவே சாட்சி சொன்னவரின் பெயரும் இருந்தது. ஐனார் ட்வெய்ட், 'ஹில்டா' மீன்படகு. விபத்தின்போது என் ரப்பர் படகின் எஞ்சின் அணைந்திருந்தது என்று சொல்லியிருக்கிறார். யாரடா இந்த ஐனார் ட்வெய்ட் என்று பார்த்தால், நான் மூக்கைத் துடைத்துவிட்டு வளர்த்த என் தம்பி!

எட்டாம் தேதி நடந்ததை நினைவூட்டுகிறேன். திமிங்கலம் பார்க்க வந்த விருந்தாளிகள் எட்டுப் பேரை ரப்பர் படகில் ஏற்றிக்கொண்டு போனேன். கோரா தண்ணீருக்குள் மைக்கை இறக்கினாள். கோராவை உனக்குத் தெரியும், எங்கள் கப்பலில் திமிங்கலங்களைப் பற்றி விளக்கிச் சொல்லும் பெண். கீழே கூன்முதுகுத் திமிங்கலங்கள் வேட்டையில் இருந்தன. ஒன்று சுற்றிச் சுற்றி மூச்சை விட்டுக் குமிழிகளால் வேலி கட்டுகிறது, இன்னொன்று கத்துகிறது, ஹெர்ரிங் மீன் கூட்டம் பயந்து பந்தாகச் சுருங்குகிறது. அந்தக் கத்தல் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். மறுகணம் பத்துப் பன்னிரண்டு வாய்கள் ஒன்றாக மேலே வரும். அந்தக் கத்தலைக் கேட்கத்தான் உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எஞ்சின் ஓடினால் அவர்களுக்குக் கேட்பது எஞ்சின் மட்டும்தான். அணைத்தேன். நீரோட்டம் எங்களைத் தள்ளியது, வேலி எங்கள் பக்கத்திலேயே எழுந்தது, படகு சாய்ந்தது, திரு. வின்ஸ்லோ தண்ணீரில் விழுந்து காறையெலும்பை உடைத்துக்கொண்டார். அவருக்கே என் மேல் கோபம் இல்லை. வாழ்க்கையில் இதைவிட நல்ல நாள் இல்லை என்று அட்டை அனுப்பியிருக்கிறார்.

நீ செய்யவேண்டியது ஒரே ஒரு வேலை. தூரத்தில் இருந்தேன், என் படகின் சத்தத்தில் எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை என்று ஜூனோவுக்கு எழுது.

ரக்னா


டெனகீ
ஜூலை 1

அக்காவுக்கு,

மீன் வாங்க வரும் படகில் உன் கடிதம் வந்தது. மேலே மீனெண்ணெய்க் கறை. இருந்தாலும் திட்டெல்லாம் தெளிவாகப் படிக்க முடிந்தது.

இங்கே மழை. மீன் இன்னும் சரியாக வரவில்லை.

தூரத்தில் இருந்தேன் என்று எழுதச் சொல்கிறாய். வின்ஸ்லோவைச் சட்டைக் காலரைப் பிடித்து என் படகுக்குள் இழுத்துப் போட்டவன் நான். எந்தத் தூரத்திலிருந்து இழுத்தேன் என்று எழுதட்டும்? என் வலைக் குவியல் மேல் கிடந்துகொண்டு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி, அதோட வாய்க்குள்ளயே பாத்துட்டேன் தம்பி. ரோஸ் கலரு." அவருடைய உதடு நீலமாக இருந்தது.

ஜூனோ அதிகாரி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "எஞ்சின் ஓடிட்டிருந்துச்சா?" இல்லை என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை, நானும் வேறெதுவும் சொல்லவில்லை.

கேட்காததை இப்போது உனக்குச் சொல்கிறேன். வலை போடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். திமிங்கலம் சாப்பிடும்போது அதன் கவனமெல்லாம் ஹெர்ரிங் மேல். மேலே என்ன மிதக்கிறது என்று அது பார்க்காது, காதால்தான் தெரிந்துகொள்ளும். அதனால்தான் நம் ஊர்ப் படகுகள் கியரை மட்டும் எடுத்துவிட்டு எஞ்சினை முணுமுணுக்க விட்டுவிட்டு நிற்கின்றன. நீயும் அப்படித்தான் நின்றாய், கோரா அந்த மைக்கைக் கொண்டுவரும் வரைக்கும். உன் கப்பலில் ஐந்து வருடம் துணைக் கேப்டனாக இருந்தவன் சொல்கிறேன்.

சொன்னதை மாற்ற மாட்டேன்.

இதோடு ஒரு புட்டி புகைபோட்ட சால்மன் வருகிறது. கோபத்தோடு சாப்பிட்டாலும் நன்றாகத்தான் இருக்கும்.

ஐனார்


பெட்ரல்
ஜூலை 14

ஐனாருக்கு,

உன் புட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். என்னைக் காட்டிக்கொடுத்தவன் கையால் செய்தது எனக்கு இறங்காது.

ஐந்து வருடம் துணைக் கேப்டனாக இருந்தாயாம். ஐந்து வருடமும் "அக்கா, போதும் அக்கா, திரும்பிடலாம் அக்கா" என்று சொன்னதைத் தவிர வேறு என்ன செய்தாய்? உனக்கு மூடுபனி என்றால் பயம், பனிக்கட்டி என்றால் பயம், என் சமையல்காரி பெர்னிஸ் என்றால் ரொம்பப் பயம்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். சாயங்காலம், காற்றே இல்லை. பெட்ரலின் பெரிய எஞ்சினையே அணைத்தேன். ஆமாம், அணைத்தேன், இதையும் போய் ஜூனோவில் சொல்லு. தளத்தில் இருபது பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். கோராவின் ஒலிபெருக்கியில் அந்தக் கத்தல் ஏறியது. அது சட்டென்று நின்றது. தண்ணீரில் குமிழிகள் ஒவ்வொன்றாக வெடித்து வளையம் மூடியது. கடற்காகங்கள்தான் முதலில் கத்தின. பிறகு வாய்கள். தாடை மடிப்புகள் வயிறு வரைக்கும் உப்பி, ஒன்றன் மேல் ஒன்று சரிந்து, ஹெர்ரிங் மழையாகத் துள்ளி விழுந்தன. வால் நுனி வளைந்த 'கொக்கி' உனக்கு நினைவிருக்கும். அவள்தான் நடுவில். ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார். எங்களுக்கு ஒரு கீறல் உண்டா? இல்லை.

அவற்றுக்கு நாம் இருப்பது தெரியும், ஐனார். உன்னைவிட அவற்றோடு நான் அதிகம் பழகியிருக்கிறேன். நீ அவற்றை வலைக்கு வரும் தொல்லையாகப் பார்க்கிறாய். நான் அவற்றைப் பார்ப்பதற்காகவே போகிறேன்.

லைசென்ஸ் போனால் நான் என்ன செய்வது? பீட்டர்ஸ்பர்க்கில் உட்கார்ந்து ஹெர்ரிங் ஊறவைப்பதா? ஒரு வரி எழுதுவதற்கு உனக்கு இவ்வளவு கஷ்டமா?

ரக்னா


டெனகீ
ஜூலை 26

அக்காவுக்கு,

புட்டி வந்தது. பாதிதான் இருக்கிறது. உனக்கு இறங்கவில்லை என்றால் யாருக்கு இறங்கியது? பெர்னிஸிடம் கேட்டு எழுது. நன்றாக இருந்தது என்றால் இன்னொன்று அவள் பெயருக்கே அனுப்புகிறேன்.

நான் திமிங்கலத்தை வெறுக்கிறேன் என்று நினைக்காதே. அது குமிழியால் வலை போடுகிறது, நான் நூலால் போடுகிறேன். என் வலை மூடும் இடத்தில் மீன் தப்பிக்காமல் இருக்க என் படகு ஆள் ஸ்டூபி நீளக் கம்பத்தைத் தண்ணீரில் குத்திக் குத்திக் குமிழி கிளப்புவதைப் பார்த்திருக்கிறாய். ஒரே தொழில். அதனால்தான் சொல்கிறேன், வேலை நேரத்தில் நானும் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் நாலாம் தேதி மறுபடி மீன்பிடிக்க அனுமதிக்கிறார்கள். முனைக்குத் தெற்கே வலை போடுவேன். உன் விருந்தாளிகளை அந்தப் பக்கம் கொண்டுவராதே. எஞ்சினின் டீசல் பம்ப் இரண்டு நாளாக இருமுகிறது. மாற்ற நேரமில்லை.

ஐனார்


டெனகீ
ஆகஸ்ட் 7

அக்கா,

கொண்டுவராதே என்று சொன்னேன். கொண்டுவந்தாய். எப்போதாவது என் பேச்சைக் கேட்டிருக்கிறாயா?

நல்லவேளை கேட்கவில்லை.

உன் கப்பல் தூரத்தில் நின்றதைப் பார்த்தேன். வலை முழுக்கத் தண்ணீரில் இருந்தது. ஸ்டூபி துணைப்படகில் வலையின் அந்தக் கோடியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் பம்ப் கடைசியாக இருமிவிட்டு நின்றது, எஞ்சினும் அணைந்தது. சத்தம் நின்ற பிறகுதான் மற்ற சத்தங்கள் காதில் விழுந்தன. திமிங்கலங்கள் மூச்சுவிடும் சத்தம். எனக்குப் பின்னால், நிறைய.

முதல் வளையம் தள்ளித்தான் எழுந்தது. இரண்டாவது பாதித் தூரத்தில். ஹெர்ரிங் என் பக்கம் ஓடிவந்தது, நீரோட்டம் என்னை ஹெர்ரிங் பக்கம் தள்ளியது. மூன்றாவது எங்கே எழும் என்று கணக்குப் போடத் தேவையில்லை. கொக்கி என் வலைக்குள் வாயைத் திறந்து எழுந்தால் வலை அவளைச் சுற்றும், அவள் கீழே போவாள், வலையோடு ஹில்டாவும் போகும். ஸ்பானரை எடுத்துப் பக்கவாட்டில் அடித்தேன். மரப்படகு. கதவைத் தட்டின மாதிரிதான் இருந்தது.

பிறகு நீ வந்தாய். வலையில்லாத பக்கமாகச் சுற்றி, என் தோளோடு தோளாகக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினாய். உன் எஞ்சின் அதிர்வு என் காலடிப் பலகைக்கு வந்தது. அதற்கப்புறம் ஒரு சத்தம் கேட்டது பார், அப்படியொன்றை நான் கடலில் கேட்டதே இல்லை. என்ன அது?

வளையம் பாதியில் உடைந்தது. தள்ளிப் போய் ஒவ்வொன்றாக, வாயை மூடிக்கொண்டு எழுந்தன. கொக்கி வாலைத் தூக்கிவிட்டுப் போனாள். நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் நீ மேலிருந்து, "பம்ப்ப மாத்துடா மடையா!" என்று கத்திவிட்டுப் போய்விட்டாய்.

மாற்றிவிட்டேன்.

ஜூனோவுக்கு இன்றைக்கே எழுதிவிடுகிறேன். தூரம் அதிகம், நிச்சயமில்லை என்று. என் உயிருக்கு முன்னால் ஒரு வரி பெரிதில்லை.

ஐனார்


பெட்ரல்
ஆகஸ்ட் 15

தம்பி ஐனாருக்கு,

எழுதிவிட்டாயா? எழுதியிருந்தால் இன்னொரு கடிதம் போட்டு அதைக் கிழிக்கச் சொல். முதலில் என் பக்கம் நடந்ததைக் கேள், ஏன் என்று புரியும்.

அன்றைக்கும் எஞ்சினை அணைத்துத்தான் வைத்திருந்தேன். மைக் தண்ணீரில். ஒலிபெருக்கியில் கத்தல் வந்தது, உன் ஸ்டூபியின் துணைப்படகு கொசு மாதிரி ரீங்காரம் போட்டது, தூரத்தில் ஏதோ இழுவைப்படகின் சத்தம்கூட வந்தது. கடலில் இருப்பதெல்லாம் கேட்டது. நான் பைனாகுலரில் ஹில்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புகைபோக்கியில் புகை இல்லை. காதைக் கொடுத்துக் கேட்டேன். நீ இல்லை. கண்ணுக்கு முன்னால் வீடு மாதிரி நிற்கிறாய், சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு ஸ்பானரை ஓங்குகிறாய், ஒலிபெருக்கியில் நீ இல்லவே இல்லை. கோராகூடக் கேட்டாள், "கேப்டன், ஹில்டா எங்க?" என்று.

அந்த நிமிடம் புரிந்தது. ஜூன் எட்டாம் தேதி கொக்கிக்கு நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன். எட்டு உயிர்களை வைத்துக்கொண்டு, அவள் காதுக்கு இல்லாமல் இருந்திருக்கிறேன்.

எனக்குப் பயம் வந்தது, ஐனார். இத்தனை வருடத்தில் கடலில் அவ்வளவு பயந்ததில்லை. உன்னை இழந்துவிடுவேன் என்று பயந்தேன். உன்னோடு கடைசியாகப் பேசினது ஒரு சால்மன் புட்டியைத் திருப்பி அனுப்பின பேச்சாக இருந்துவிடும் என்று பயந்தேன்.

எஞ்சினைக் கிளப்பினேன். உன் பக்கத்தில் வந்ததும், எஞ்சின் மட்டும் போதாது என்று தோன்றியது. எஞ்சின் அறையில் இருந்தவனிடம் சுத்தியலால் கப்பலின் இரும்பு வயிற்றை உள்ளிருந்து அடிக்கச் சொன்னேன். பெர்னிஸ் சமையலறையையே மேலே கொண்டுவந்துவிட்டாள். சூப் கரண்டி, வாணலி மூடி, இறைச்சி தட்டுகிற கட்டை. இருபது விருந்தாளிகள் கையிலும் ஆளுக்கொன்று கொடுத்து, கைப்பிடிக் கம்பியையும் தளத்தையும் தட்டச் சொன்னாள். டெக்சாஸ்காரர் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நாங்க திமிங்கலம் பாக்க வந்தோமா, பாத்திரம் தட்ட வந்தோமா?" என்றார். பெர்னிஸ், "ரெண்டுக்கும்தான். கொஞ்சம் பலமா தட்டுங்க, நேத்து நாலு தட்டு சாப்டீங்கல்ல?" என்றாள். அவர்தான் கடைசி வரைக்கும் நிறுத்தாமல் தட்டியவர்.

அந்தப் பயணத்தில் அவர்களுக்கு வேறு வேட்டை காணக் கிடைக்கவில்லை. இருந்த ஒன்றையும் நானே கலைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். யாரும் குறை சொல்லவில்லை. வாணலி மூடியை ஞாபகத்துக்குத் தரமுடியுமா என்று இரண்டு பேர் பெர்னிஸிடம் கேட்டார்கள்.

இப்போது சொல்கிறேன். நீ ஜூனோவில் சொன்னது உண்மை. அதில் ஒரு எழுத்தைத் தொட்டால் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். நான் என் வாயாலேயே சொல்லிக்கொள்வேன். லைசென்ஸ் போனால் போகட்டும். எனக்காக நீ பொய்க்காரனாக வேண்டாம்.

அப்புறம், புட்டியில் பாதியைத் தின்றது பெர்னிஸ். ஒரு துண்டு நானும்.

ரக்னா அக்கா


பீட்டர்ஸ்பர்க்
செப்டம்பர் 21

தம்பி,

ஜூனோ போய்த் திரும்பிவிட்டேன். நீயும் வருவாயோ என்று பார்த்தேன். நல்லவேளை, வரவில்லை. நீ உட்கார்ந்திருந்தால் அவர்களை விட்டுவிட்டு உன்னிடமே பேசியிருப்பேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "உங்க சகோதரர் சொன்னதை மறுக்குறீங்களா?" என்றார்கள். "இல்லை, அவன் சொன்னதுதான் சரி" என்றேன். நடுவில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் மறுப்புக்குத் தயாராக வந்திருந்தார் போல. பிறகு கோரா பதிவுசெய்த ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினேன், ஆகஸ்ட் நாலாம் தேதியுடையது. "இதுல ஒரு மீன்படகு இருக்கு, கண்டுபிடிங்க" என்றேன். மூவரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். கண்டுபிடிக்க முடியவில்லை. கத்தல் ஏறியது. அப்புறம் பெட்ரலின் எஞ்சின், அப்புறம் நம் கரண்டிக் கச்சேரி. ஒருவர் சிரித்துவிட்டார், உடனே இருமி மறைத்துக்கொண்டார்.

அடுத்த ஜூலை முதல் தேதி வரைக்கும் லைசென்ஸ் நிறுத்தம். ரத்து இல்லை, நிறுத்தம்தான். ஒலிநாடாவின் நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். மற்ற கப்பல்காரர்களுக்குப் போட்டுக் காட்டப்போகிறார்களாம்.

குளிர்காலம் முழுக்கக் கப்பல் கட்டிக் கிடக்கப்போகிறது, அதில் எனக்கு நஷ்டமில்லை. மே, ஜூன்தான் பிரச்சினை. திமிங்கலங்கள் ஹவாயிலிருந்து பட்டினியாகத் திரும்பிவரும் மாதங்கள். கேப்டன் இல்லாமல் பெட்ரல் வெளியே போகாது, அப்படிப் போகவில்லை என்றால் அந்த விருந்தாளிகள் வேறு கப்பலுக்குப் போய்விடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள்.

உன் கேப்டன் லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா? உன் மீன் ஜூலையில்தானே தொடங்குகிறது. நான் கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்தால் பத்துப் பேர் வருவார்கள். ஆனால் எனக்கு, நான் என்ன கத்தினாலும் எஞ்சினை அணைக்காத ஒருவன் வேண்டும்.

அக்கா


டெனகீ
செப்டம்பர் 29

அக்காவுக்கு,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. பதிலை நேற்றே ரேடியோவில் சொல்லிவிட்டேன். உனக்கு அங்கே கேட்டிருக்காது, அதனால் எழுதுகிறேன்.

பொதுச் சேனலில் கூப்பிட்டேன். கடைசி சால்மனுக்காக நின்றுகொண்டிருந்த அத்தனை படகும் ரேடியோவைத் திறந்து வைத்திருந்தது, உனக்குத்தான் தெரியுமே. "ஹில்டாலேர்ந்து ஐனார் பேசுறேன். எல்லாரும் கேட்டுக்குங்க. மே மாசம் பெட்ரல் வெளிய வரும், நான் ஓட்டுறேன். எங்க அக்கா பயணியா வருவா, மைக் பக்கத்துல உக்காந்திருப்பா, வாய மூடிட்டு இருக்க மாட்டா. ஆகஸ்ட் நாலாம் தேதி நான் செத்திருக்கணும். செத்திருந்தேன்னா அந்தக் கொக்கியும் என்னோட செத்திருப்பா. எங்க அக்கா விடல. இத எல்லாரும் தெரிஞ்சுக்கங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அப்புறம் எந்தப் படகோ தெரியவில்லை, மைக்கை அழுத்திக்கொண்டு கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினான். பிறகு இன்னொருவன். பிறகு டெனகீ துறையில் கட்டியிருந்த படகுகளே தட்ட ஆரம்பித்தன, அதற்கு ரேடியோ தேவையில்லை, காதிலேயே கேட்டது. ஸ்டூபி என் வாணலியை எடுத்துத் தட்டி அதன் பிடியை உடைத்துவிட்டான்.

சனிக்கிழமை வலையை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறேன். லைசென்ஸ் உயிரோடு இருக்கிறது. காப்பி போட்டு வை. பெர்னிஸிடம் ஒரு வாணலி கேட்டு வாங்கி வை.

ஐனார்